ரஃபேல் சி பெட்டியிலிருந்து ரஃபேல் எம்: மாதிரி விமானத்தை முதன்முறையாக மாற்றியமைப்போருக்கு

பெட்டியில் வரும் துண்டுகளைக் குறிப்பேட்டில் உள்ளபடி ஒட்டி நான்கைந்து மாதிரி விமானங்களைச் செய்து பழகியவர்களுக்கு, ஒரு வகையை வாங்கி அதே விமானத்தின் இன்னொரு வகையாக மாற்றியமைப்பது நல்ல அடுத்த படியாகும். அதற்கு நான் பரிந்துரைப்பது ரஃபேல். விமானப்படைக்கான ஒற்றை இருக்கை ரஃபேல் சி-யை, விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் ரஃபேல் எம்-ஆக மாற்றும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. இந்தியக் கடற்படைக்காக 26 ரஃபேல் விமானங்களை வாங்கும் ஒப்பந்தம் 2025 ஏப்ரலில் கையெழுத்தானதிலிருந்து இம்மாற்றத்தைச் செய்து பார்க்க விரும்புவோர் பெருகியுள்ளனர். உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து தளத்தை அருகில் வைத்துக்கொண்டு வளரும் இராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கடற்படை விமானங்கள்மீது தனி ஈர்ப்பு உண்டு. அவர்களையும் மனத்தில் வைத்தே, இக்கரையின் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் ஏற்றபடி எழுதுகிறேன்.

ரஃபேலைத் தேர்ந்தெடுக்க முதன்மையான காரணம், அதன் கடற்படை வகைக்கும் மடிப்பு இறக்கை கிடையாது என்பதே. மிக்-29 மாதிரியை அதன் கடற்படை வகையான மிக்-29கே ஆக்க முற்படுபவர் இறக்கையை மடிப்புடன் புதிதாக அமைக்க வேண்டும். உடலின் மேற்புறத்தில் உள்ள காற்றுத் துவாரங்களை அடைக்க வேண்டும். முதுகுப் பகுதியையும் கண்ணாடி மூடியையும் மாற்ற வேண்டும். அது பழகிய கைகளுக்கான வேலை. ரஃபேலில் இறக்கை, காற்றுவாய், முன்சிறகு, கண்ணாடி மூடி ஆகியவற்றைத் தொட வேண்டியதில்லை. மாற வேண்டியவை முன்சக்கரக் கால், வால் கொக்கி, செங்குத்து வாலின் நுனி, விமானி ஏறும் ஏணிக்கான கதவு, அடிவயிற்றில் ஓர் ஆயுதத் தாங்கி ஆகியவை மட்டுமே.

இவை ஏன் மாறுகின்றன என்பதை அறியாமல் கத்தியை எடுக்கக் கூடாது. நிலத்தில் இறங்கும் விமானி, கடைசி நொடியில் மூக்கைச் சற்று உயர்த்தி மெதுவாகத் தரை தொடுவார். கப்பலில் இறங்குபவருக்கு அந்த வசதி இல்லை. குறித்த இடத்தில் கொக்கி கம்பியைப் பிடித்தாக வேண்டும் என்பதால், வந்த சரிவிலேயே தளத்தின்மீது மோதுவதுபோல இறங்குவார். ரஃபேல் சி-யின் சக்கரக்கால்கள் நொடிக்கு 3 மீட்டர் கீழிறங்கும் வேகத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டுள்ளன. எம் வகையிலோ அது நொடிக்கு 6.5 மீட்டர். அத்துடன், பிரான்சின் சார்ல் தெ கோல் கப்பலில் நீராவியால் இயங்கும் கேட்டபுல்ட், விமானத்தை அதன் முன்சக்கரக் காலைப் பிடித்தே இழுத்து எறிகிறது. எனவேதான் எம்-இன் முன்கால் நீண்டும் தடித்தும் இருக்கிறது. ஓடுதளத்தின் இறுதியில் சட்டென நீண்டு மூக்கை மேலே தள்ளிவிடும்படியும் அது அமைக்கப்பட்டுள்ளது. இந்தக் காலுக்கு இடம் விடுவதற்காகவே அடிவயிற்றின் நடுக்கோட்டில் முன்புறமுள்ள ஆயுதத் தாங்கி நீக்கப்பட்டது. அதனால் சி-யில் 14 தாங்கிகள் என்றால் எம்-இல் 13. எல்லா மாற்றங்களும் கப்பல் தளத்திலிருந்து பிறந்தவை. சாம்பல் வண்ணம் பூசி நங்கூரக் குறியை ஒட்டிவிட்டால் மட்டும் கடற்படை விமானம் ஆகிவிடாது. பார்ப்பவரின் கண் முதலில் காண்பது அந்த முன்கால் தரும் நிமிர்ந்த நிலையைத்தான்.

பெட்டியும் படங்களும்

புதியவர்கள் 1/48 அளவையே எடுப்பது நல்லது. ரஃபேலின் நீளம் 15.27 மீட்டர், இறக்கை வீச்சு 10.9 மீட்டர், 1/48-இல் இவை ஏறத்தாழ 318 மி.மீ., 227 மி.மீ. ஆகின்றன. 1/72-இல் 212 மி.மீ., 151 மி.மீ. என்று சுருங்குவதால் முன்காலில் செய்யும் வேலை மிக நுண்ணியதாகி, கை பழகாதவர்களைச் சோர்வடையச் செய்யும். ரெவெல், ஹாபி பாஸ் போன்ற நிறுவனங்கள் எம் வகையைத் தனிப்பெட்டியாகவே விற்றிருக்கின்றன என்பது உண்மையே. ஆனால் மாற்றியமைக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட வசதியான விமானம் அமைவது அரிது. வாங்கும்போது சி என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இரட்டை இருக்கை கொண்ட பி வகை இதற்குப் பயன்படாது.

பெட்டி வந்ததும், துண்டுகள் இணைந்து வரும் ஸ்ப்ரூ எனப்படும் பிளாஸ்டிக் சட்டங்களையெல்லாம் மேசையில் பரப்பி, குறிப்பேட்டில் 'பயன்படாதவை' என்று நிழலிடப்பட்ட துண்டுகளைப் பாருங்கள். ஒரே அச்சிலிருந்து இரு வகைகளையும் வெளியிடும் நிறுவனங்கள் சில சமயம் எம்-இன் கொக்கியையோ வால் நுனியையோ அதே சட்டத்தில் விட்டுவைத்திருக்கும். அவ்வாறு இருந்தால் பாதி வேலை குறைந்தது.

அடுத்தது படங்கள். பக்கவாட்டிலிருந்து நேராக எடுக்கப்பட்டவை, கீழிருந்து எடுக்கப்பட்டவை, பின்புறத்திலிருந்து எடுக்கப்பட்டவை ஆகியவை வேண்டும். பிரெஞ்சுக் கடற்படையின் 11எஃப், 12எஃப், 17எஃப் படையணிகளின் விமானங்கள் பல ஆண்டுகளாகப் படம்பிடிக்கப்பட்டு வருவதால் பொதுவெளியில் கிடைப்பவையே போதுமானவை. பருந்து தளத்தின் வேலியோரம் நின்று எதையும் படம் எடுக்க வேண்டாம். அது தடைசெய்யப்பட்டது என்பதோடு, ஹெலிகாப்டர்களும் ஆளில்லா விமானங்களும் இயங்கும் அத்தளத்தில் உங்கள் வேலைக்கான ரஃபேலைக் காணவும் முடியாது.

முன்சக்கரக் கால்

இந்த வேலையில் பெரும்பங்கு நேரத்தைக் காலுக்கே ஒதுக்குங்கள். முதலில் அது எவ்வளவு நீள வேண்டும் என்று கணக்கிட வேண்டும். கண்ணாடி மூடி இரு வகைகளுக்கும் பொதுவானது என்பதாலும், அது விமானத்தின் நடுக்கோட்டில் காலுக்கு ஏறத்தாழ நேர் மேலே இருப்பதாலும் அதையே அளவுகோலாகக் கொள்ளலாம். பக்கவாட்டுப் படத்தை அச்செடுத்து, மூடியின் நீளத்தையும், சக்கர அச்சிலிருந்து உடலின் அடிப்பகுதி வரையுள்ள உயரத்தையும் அளந்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்துக்கொள்ளுங்கள். வரும் விகிதத்தை உங்கள் மாதிரியின் மூடி நீளத்தால் பெருக்கினால் கால் இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக மட்டும் சொல்வதானால், படத்தில் மூடி 60 மி.மீ., உயரம் 36 மி.மீ. என்றால் விகிதம் 0.6, மாதிரியின் மூடி 50 மி.மீ. என்றால் உயரம் 30 மி.மீ. இருக்க வேண்டும். ஒரே படத்தை நம்பாமல் மூன்று படங்களில் அளந்து சராசரி எடுங்கள். எல்லாம் நிறுத்திவைக்கப்பட்ட விமானத்தின் படங்களாக இருக்க வேண்டும். இறங்கும்போது கால் முழுதாக நீண்டும், கேட்டபுல்டில் பூட்டும்போது அமுங்கியும் இருக்கும்.

நீட்டுவதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் புதிய ஊசிகளே சிறந்த பொருள். அவை துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. நம் கரையில் சாதாரண இரும்புக் கம்பி சில மாதங்களில் துருவேறி வண்ணத்தின் ஊடாகச் செம்பழுப்புக் கறையைக் காட்டிவிடும். இளஞ்சிவப்புக் குமிழ் கொண்ட 18 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 1.27 மி.மீ.; பச்சைக் குமிழ் கொண்ட 21 கேஜ் ஊசியினுடையது 0.82 மி.மீ. மெல்லியது பெரியதற்குள் நுழைந்து வழுக்கிச் செல்லும். கூர்முனையை முதலில் அராவி மழுக்கிவிட்டு, கண்ணாடி அணிந்து, ஊசியைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அரத்தால் சுற்றிலும் கீறி முறியுங்கள். கட்டிங் பிளேயரால் வெட்டினால் குழாய் நசுங்குவதோடு துண்டும் தெறிக்கும்.

பிளாஸ்டிக் காலைப் பளபளப்பான உருளை தொடங்கும் இடத்தில் மெல்லிய ரம்பத்தால் குறுக்காக வெட்டுங்கள். பின் வைஸ் எனப்படும் கைத்துளைக் கருவியால் மேல்துண்டில் 1.3 மி.மீ. துளையும் கீழ்த்துண்டில் 0.85 மி.மீ. துளையும் இடுங்கள். துளை ஒருபக்கம் சாய்ந்தால் சக்கரமும் சாய்ந்துவிடும் என்பதால், மெல்லிய துரப்பணத்தால் தொடங்கி அளவைப் படிப்படியாகப் பெரிதாக்குவது பாதுகாப்பானது. மேல்துண்டில் 18 கேஜ் குழாயையும் கீழ்த்துண்டில் 21 கேஜ் குழாயையும் அரால்டைட் கொண்டு நிறுத்தி, ஒருநாள் உலரவிட்டு, ஒன்றை ஒன்றுக்குள் செருகுங்கள். இப்போது உங்களிடம் இருப்பது ஏற்றி இறக்கக்கூடிய கால். விமானத்தைத் தட்டையான கண்ணாடிமீது நிறுத்தி, படத்தைப் பக்கத்தில் வைத்து, மூக்கு சரியான அளவு நிமிரும் வரை நகர்த்திப் பார்க்கலாம். உயரம் உறுதியான பிறகு ஒரு துளி ஃபெவிக்விக் போதும். இடையில் தெரியும் ஊசி உண்மையான உருளையைவிட மெலிந்திருப்பதால், ஏசி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் ஒட்டும் அலுமினிய டேப்பை நூலிழை அகலத்தில் வெட்டித் தேவையான தடிமன் வரும்வரை சுற்றுங்கள். அந்த மினுக்கத்தை எந்த வெள்ளி வண்ணமும் தராது.

காலின் முன்புறம், கேட்டபுல்ட் பற்றிக்கொள்ளும் இழுசட்டம் வர வேண்டும். பிளாஸ்டிக் தாளிலிருந்து மெல்லிய பட்டையை வெட்டி, நுனியை அரத்தால் வடிவமைத்து ஒட்டிவிடலாம். ஐஎன்எஸ் விக்ராந்தில் கேட்டபுல்ட் இல்லை, மேல்நோக்கி வளைந்த தளமே உள்ளது என்பதால், விமானத்தை இந்தியக் கப்பலின்மீது காட்ட நினைப்பவர்களுக்கு இச்சட்டத்தைப் பற்றி ஐயம் எழலாம். 2022 ஜனவரியில் கோவாவின் ஐஎன்எஸ் ஹன்சா தளத்திலுள்ள வளைதளத்தில் பரிசோதிக்கப்பட்டது ரஃபேல் எம்-தான். ஆகவே சட்டத்தை விட்டுவிடாமல் வைப்பதே முறை.

கால் நீண்டதும் எடை பின்னோக்கிச் சாய்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. உடலின் இரு பாதிகளையும் ஒட்டுமுன் டேப்பால் சேர்த்து, பின்சக்கரங்கள் வரும் இடத்தின் கீழே ஒரு பென்சிலை வைத்து நிறுத்துங்கள். வால் பக்கம் சாய்ந்தால் மூக்கினுள் எடை தேவை. அதற்கு மண்டபத்திலோ பாம்பனிலோ வலைக்கடையில் நிறுத்துக் கொடுக்கும் சிறிய ஈயக் குண்டுகளைவிட ஏற்றது வேறில்லை. ஆனால் ஈயத்தை ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையால் ஒட்டாதீர்கள். அப்பசை ஈயத்தை மெல்ல அரித்து வெண்பொடியாக மாற்றும், அது பருத்து ஒட்டிய உடலையே பிளந்துவிடும். அரால்டைட் மட்டுமே பயன்படுத்துங்கள். ஈயம் நச்சுப்பொருள் என்பதால் வேலை முடிந்ததும் கையைச் சோப்பால் கழுவ வேண்டும். சிறு பிள்ளைகளிடம் இந்த வேலையை மட்டும் விடக் கூடாது.

கொக்கியும் பிறவும்

சி வகையிலும் அவசரத்துக்கான சிறு கொக்கி உண்டு. எம்-இன் கொக்கி அதைவிட நீண்டது, வலுவானது, இரு எஞ்சின்களின் வாய்களுக்கு நடுவே கண்ணில் படும்படி இருப்பது. பெட்டியில் வரும் கொக்கியை வெட்டி நீக்கி, 18 கேஜ் ஊசியைத் தண்டாகக் கொண்டு, நுனியில் பிளாஸ்டிக் தாளின் மூன்று சிறு அடுக்குகளை ஒட்டி, உலர்ந்தபின் கொக்கியின் வாயை அராவி எடுங்கள். எஞ்சின் வாய்களை ஒட்டுமுன் இதைப் பொருத்தி அளவு பாருங்கள். பின்னர் அரம் உள்ளே நுழையாது.

செங்குத்து வாலின் உச்சியில், கப்பலின் வழிகாட்டும் கருவிகளோடு விமானத்தின் கருவிகளை ஒத்திசைக்கும் டெலிமிர் என்ற அமைப்பு எம்-இல் உண்டு. ஸ்ப்ரூவின் உருண்டைத் தண்டைத் தேவையான நீளத்துக்கு வெட்டி, இருமுனையையும் உருட்டித் தேய்த்து, வாலை உடலோடு ஒட்டுவதற்கு முன்பே பொருத்திவிடுங்கள். ஏணிக்கதவின் கோடுகளை, தடித்த டேப்பை விளிம்பாக ஒட்டிக்கொண்டு, பின் வைஸில் பொருத்திய தையல் ஊசியால் அழுத்தாமல் பலமுறை இழுத்துக் கீறுங்கள். அடிவயிற்றின் முன் ஆயுதத் தாங்கிக்கான துளை திறந்திருந்தால் ஸ்ப்ரூ துண்டைச் செருகி ஒட்டி மழித்துவிடுங்கள்; உள்ளிருந்து துளையிடும்படி விட்டிருந்தால் துளையிடாமலேயே விட்டுவிடலாம்.

இடைவெளிகளை நிரப்ப, தேவைப்படாத ஸ்ப்ரூவைப் பொடியாக நறுக்கிப் பிளாஸ்டிக் சிமெண்டில் ஊறவைத்துச் செய்யும் பட்டி நன்றாக அமையும், ஏனெனில் அது உலர்ந்தபின் மாதிரியின் பிளாஸ்டிக்காகவே ஆகிவிடுகிறது. ஆனால் பொறுமை வேண்டும். ஃபைபர் படகுகளைப் பழுதுபார்ப்பவர்கள் இதில் நமக்கு ஆசான்கள். பூசிய பட்டியை அவசரப்பட்டுத் தேய்க்கப் போனால், "காயாமத் தேய்ச்சா பள்ளம் விழுந்துரும் தம்பி, நாளைக்கு வாங்க" என்று உப்புத்தாளை வாங்கி வைத்துவிடுவார்கள். ஸ்ப்ரூப் பட்டிக்கு நான் இரண்டு நாள் கொடுப்பேன். அதன்பின் 400-இல் தொடங்கி 800, 1200 என்று நீரில் நனைத்த தாளால் தேய்க்கலாம்.

வண்ணமும் பருவமும்

நம் கரையில் வண்ணப்பூச்சைக் கெடுப்பவை மூன்று: உப்பு, ஈரம், மணல். சன்னல் திறந்த அறையில் ஓரிரு நாள் கிடந்த மாதிரியின்மீது கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் படிந்திருக்கும். அதன்மேல் பூசிய ப்ரைமர் எனும் அடிப்பூச்சு பின்னாளில் டேப்போடு உரிந்து வரும். ஆகவே பூசும் நாளன்று சோப்பு நீரில் கழுவி, கேன் தண்ணீரால் அலசி, உலர்த்தி, பிறகு வெறுங்கையால் தொடாமல் வேலை செய்யுங்கள். தின்னர் கலந்த லேக்கர் வண்ணங்கள் விரைவாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஈரம் அதில் படிந்து வண்ணம் பால்போல வெளிறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் ஸ்ப்ரே செய்வதைத் தவிர்த்து, ஒட்டும் வேலைகளை அக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆடிக் காற்றில் மணல் பறக்கும் நாட்களில் மூடிய அறையிலும் மேசைமீது ஈரத்துணி விரித்துத்தான் பூச வேண்டும். பங்குனி, சித்திரையில் மழையில்லாத முற்பகல்கள் ஏற்றவை. ஆனால் பூசிய மாதிரியை வெயிலில் காயவைத்தால் மெல்லிய இறக்கை விளிம்புகள் வளையக்கூடும்.

பிரெஞ்சு விமானமாகச் செய்தால் சாம்பல் வண்ணமும், நங்கூரத்துடன் கூடிய மூவண்ண வட்டமும், 'மரீன்' என்ற எழுத்தும் வேண்டும். பெட்டியில் வரும் விமானப்படைக் குறிகள் இதற்கு உதவாது என்பதால் நீரில் ஊறவைத்து ஒட்டும் கடற்படைக் குறிகள் கொண்ட டெக்கால் தாளைத் தனியே வாங்க வேண்டியிருக்கும். இந்தியக் கடற்படை விமானமாகச் செய்ய விரும்புவோர், இது இக்கட்டுரை எழுதப்படும் நிலையில் படையில் சேராத விமானம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒப்பந்தத்திலுள்ள 26-இல் 22 ஒற்றை இருக்கை விமானங்கள், 4 இரட்டை இருக்கை விமானங்கள். மிக்-29கே-யில் உள்ளதுபோன்ற வட்டத்தையும் கடற்படை எழுத்துகளையும் இட்டுச் செய்யலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் அடிப்பலகையில் 'கற்பனை வண்ணம்' என்று எழுதிவிடுவதே பார்ப்பவருக்குச் செய்யும் நேர்மை.

டெக்காலை ஊறவைக்க வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்த வேண்டாம். கடலோர ஊர்களில் அது உவர்ப்பாக இருப்பதால் உலர்ந்ததும் டெக்காலின் ஓரங்களில் வெள்ளைக் கோடு விழும், அடர்ந்த சாம்பல்மீது அது தெளிவாகத் தெரியும். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கிவைத்தால் பல விமானங்களுக்கு வரும். அக்ரிலிக் வண்ணங்களைக் கரைக்கவும் அதையே பயன்படுத்துங்கள்.

நிறுத்திவைக்கும் தளம்

முன்கால் நீண்ட விமானத்தை வெறும் மரப்பலகைமீது வைப்பதைவிடக் கப்பல் தளத்தின் துண்டொன்றின்மீது வைத்தால் அதன் நிமிர்வு பொருள்படும். 400 எண் கொண்ட கறுத்த நீர் உப்புத்தாளைப் பலகைமீது சுருக்கமின்றி ஒட்டினால், வழுக்காதபடி சொரசொரப்பாக்கப்பட்ட கப்பல் தளம் கிடைத்துவிடுகிறது. வெள்ளைக் கோடுகளை டேப் ஒட்டிப் பூசி, டயர்கள் ஓடிய கறுப்புத் தடங்களைப் பென்சில் கரியால் விரலில் தேய்த்து இடலாம். சங்கிலிகளால் விமானத்தைக் கட்டும் சிறு குழிகளை, துளையிட்டு உள்ளே குறுக்காக மெல்லிய கம்பி வைத்துக் காட்டலாம்.

முடிந்த மாதிரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். பொட்டலத்தை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். வெளியே வைத்தால் படியும் உப்புத் தூசியைத் துணியால் துடைக்காமல், ஒப்பனைக்குப் பயன்படும் மென்மயிர்த் தூரிகையால் மூக்கிலிருந்து வால் நோக்கித் தட்டிவிடுங்கள். எடுத்து நகர்த்த வேண்டியிருந்தால் இறக்கையின் அடிப்பகுதியில் இரு கைகளாலும் தாங்கி எடுங்கள், முன்காலையும் கொக்கியையும் பிடிக்காதீர்கள்.